அண்ணன் பெயருக்குப் போன கடிதம்

1

போன சனிக்கிழமை மத்தியானம் கூரியர்காரர் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார். அறந்தாங்கியில் இருக்கும் என் அண்ணன், தன் ஒரே மகள் பவித்ராவின் கல்யாணத்துக்கு அனுப்பியது. நாலு மூலையிலும் மஞ்சள், தங்க எழுத்து, தடித்த அட்டை. புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்தோம். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு ஒரு நீளப் பட்டியல். அதில் என் பெயரும் என் கணவர் மணியத்தின் பெயரும் முதல் வரிசையிலேயே இருந்தன, பக்கத்தில் 'மலேசியா' என்று கொட்டை எழுத்தில். அந்த வார்த்தைக்கு நம் ஊர்க் கல்யாண வீட்டில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். நான் தினமும் பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் ஜாக்கெட் தைக்கிறவள் என்பது பத்திரிகையைப் பார்த்தால் தெரியாது.

என் மகள் யாழினிக்கு இருபத்தொரு வயது. கோலாலம்பூரில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள்தான். அதற்குப் பிறகு மலாய், இங்கிலீஷ் என்று போய்விட்டதில் தமிழை இப்போது எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். எனக்கு அதில் தீராத வருத்தம், வாரம் ஒரு சண்டையாவது அதற்காக நடக்கும். அன்றைக்கும் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவள் பட்டியல் முடிந்ததும் திரும்ப மேலேயிருந்து ஆரம்பித்தாள்.

"மா, சாந்தி சித்தி பேரு எங்க?"

நான் வாங்கிப் பார்த்தேன். அண்ணியின் ஒன்றுவிட்ட தம்பி பெயர் இருந்தது. அவர் வைத்திருக்கும் செல்போன் கடையின் பெயர்கூட இருந்தது. என் கூடப்பிறந்த தங்கை சாந்தியின் பெயர் இல்லை.

சாந்தி உயிரோடு இருக்கிறாள். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றிக்கொண்டு, தலையில் ஒரு முடி இல்லாமல் இருக்கிறாள். செத்துப் போயிருந்தால்கூட 'தெய்வத்திரு' என்று போட்டுப் பெயரைச் சேர்த்திருப்பார்கள். கேன்சரோடு உயிரோடு இருப்பதற்குத்தான் அந்த அட்டையில் இடமில்லை.

அண்ணனுக்கு நான் ஒரு கடிதம் அனுப்பியது போன சித்திரையில். சரியாக ஒரு வருடம் ஆகிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறட்டுமே என்று மணியம் சொன்னார். ஆறினால் எழுதமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

2

எனக்கு வந்தது சினைப்பையில் புற்றுநோய். மூன்று வருடத்துக்கு முன்பு ஆபரேஷன் செய்து, கீமோ கொடுத்து, சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். போன வருடத் தொடக்கத்தில் திரும்ப வந்தது. அப்போதுதான் என் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் எனக்குப் பிறவியிலேயே ஒரு பழுது இருப்பது தெரிந்தது. இன்னொரு சுற்று கீமோ முடிந்ததும் ஆய்வுச் சிகிச்சை ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பழுதையே குறிவைக்கும் மாத்திரை ஒன்று, காலையிலும் மாலையிலும். அதோடு இன்னும் கடைக்கு வராத புது மாத்திரை ஒன்று. புது மாத்திரை நிஜ மருந்தாகவும் இருக்கலாம், வெறும் மாவாகவும் இருக்கலாம். எனக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு என்றால் அப்படித்தானாம்.

இதையெல்லாம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது ஆய்வுப் பிரிவில் இருக்கும் தேவி என்ற நர்ஸ். பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த பெண், இங்குள்ளவர்கள் மாதிரி வார்த்தைக் கடைசியில் 'லா' போட்டுப் பேசுவாள்.

"அக்கா, நீங்க டெய்லி ஃபெரியிலதானே வர்றீங்க? இந்தத் தீவுக்கு வர பாலம் இருக்கு, ஃபெரி இருக்கு. பாலம் ஒடஞ்சுபோச்சுன்னு வச்சுக்குங்க, ஃபெரிய வச்சுச் சமாளிப்பாங்க. ஃபெரியையும் நிப்பாட்டிட்டா? சாமான் வராது, ஆள் வராது, தீவு பட்டினிலா. ஒங்க கேன்சர் செல்லுல பாலம் ஏற்கெனவே ஒடஞ்சு கெடக்கு. அடிபட்டா ரிப்பேர் பண்ணிக்க அதுக்கு ஃபெரி மட்டும்தான். இந்த மாத்திர ஃபெரிய நிப்பாட்டுது. அதான் அது சாவுது."

"நல்ல செல்லு?"

"அதுங்களுக்குப் பாலம் இருக்கேக்கா. கொஞ்சம் கஷ்டப்படும், சமாளிச்சிரும்."

பினாங்குக்குப் பாலம் இரண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் அன்றையிலிருந்து ஃபெரியில் ஏறும்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது. மாத்திரையால் வாந்தி, அசதி, ரத்தம் குறைவது எல்லாம் உண்டு. சில நாள் படகிலிருந்து இறங்கி லிட்டில் இந்தியா வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காரவேண்டும். இருந்தாலும் நடக்கிறேன், தைக்கிறேன். ஒருநாள் போல ஒருநாள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் சேர்வதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை. இருபத்திரண்டு வருடமாக இங்கே குடியிருந்தும் நான் சிவப்பு அட்டைக்காரி, அதாவது நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. குடியுரிமைக்கான நீல அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன், காத்திருப்பதற்கு நன்றாகவே பழகிவிட்டேன். கவுண்டரில் சிவப்பு அட்டையைப் பார்த்ததும் இன்னொரு கவுண்டர், அங்கே இன்னொரு விண்ணப்பப் பாரம், அந்தப் பாரத்துக்கு இரண்டு நகல், நகல் எடுக்கும் மெஷின் கீழ்மாடியில். எல்லாம் முடிந்து சம்மதப் படிவம் வந்தது. தடிமனான கட்டு. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடவேண்டும்.

நான் பேனாவை மணியத்திடம் நீட்டினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாக நீண்டது. அப்பா இருந்தவரை அப்பா, பிறகு அண்ணன், கல்யாணத்துக்குப் பிறகு இவர். ஆபரேஷனுக்குக்கூட இவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

தேவி பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி என் கையில் திரும்ப வைத்தாள். "இதுல மணியம் அண்ணே போட முடியாதுக்கா. ஒங்க ஒடம்பு, ஒங்க சைன்."

அப்போது சிரித்துக்கொண்டே போட்டேன். அந்தச் சின்ன விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொண்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

3

மரபணு முடிவு வந்ததும் ஓர் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். மிஸ் லிம் என்று ஒரு சீனப் பெண், யாழினியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ஒரு பெரிய வெள்ளைத் தாளை எடுத்துப் போட்டுக்கொண்டு என் குடும்பத்தை வரைய ஆரம்பித்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், இறந்துபோனவர்மேல் ஒரு கோடு. நாங்கள் மூன்று பேர், அண்ணன், நான், சாந்தி. மேலே அப்பா, அம்மா. அப்பாவுக்கு இரண்டு அக்காமார்.

அத்தைகள் எதனால் இறந்தார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

பெரிய அத்தை வயிறு ஊதிச் செத்தாள். செய்வினை என்றார்கள். ஆடு வெட்டினார்கள், தகடு எடுத்தார்கள். சின்ன அத்தையை நான் பார்த்திருக்கிறேன். கொல்லைப்புறத்து அறையில் படுத்திருப்பாள். மார்பில் புண். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். அவளுக்கு என்ன என்று கேட்டால் "அது ஒரு மாதிரி வியாதி" என்பார் அப்பா. ஒரு மாதிரி வியாதி! எங்கள் வீட்டில் வரப்புத் தகராறு எந்த வருடம் நடந்தது, எந்தப் பங்காளி எந்தக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு அடித்துக்கொண்டான் என்பதெல்லாம் ஆண்களுக்கு மனப்பாடம். இரண்டு பெண்கள் எதனால் செத்தார்கள் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாது என்பதுகூட இல்லை, தெரிந்துகொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

மிஸ் லிம் இரண்டு வட்டத்தையும் கருப்பாக நிரப்பினாள். பிறகு அப்பாவின் சதுரத்தைத் தொட்டாள். "உங்கள் அப்பா வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். அவருக்கு ஒன்றும் வராமலே இருந்திருக்கலாம். ஆனால் அவர் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

பெண்களுக்கு வரும் நோய் அம்மா வழியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. ஆண் அதை ஒரு வலியும் இல்லாமல் சுமந்துகொண்டுபோய் மகளிடம் கொடுத்துவிட முடியும். என் அண்ணனிடமும் அது இருக்கலாம். இருந்தால் பவித்ராவுக்கும் பாதிக்குப் பாதி. அண்ணன் ஒரு குழாய் ரத்தம் கொடுத்து, அவரிடம் இல்லை என்று தெரிந்துவிட்டால் பவித்ரா இந்தப் பயத்தை விட்டுவிடலாம். அவ்வளவு சுலபம்.

சாந்தியின் வட்டத்தை மிஸ் லிம் கருப்பாக்கவில்லை. வெள்ளையாகவே விட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். "இவரைத்தான் முதலில் சோதிக்கவேண்டும்" என்றாள். இருப்பது தெரிந்தால், பிள்ளை பெற்று முடித்தவள் என்பதால், நோய் வருவதற்கு முன்பே சினைப்பையை எடுத்துவிடலாம். வருகிறதா என்று காத்திருக்கவேண்டியதில்லை.

4

இப்படிக் கண்டுபிடித்தால் உறவினர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு கடிதம் எழுதித் தருகிறார்கள். 'இந்தக் குடும்பத்தில் இன்ன மரபணுவில் இன்ன இடத்தில் பழுது இருக்கிறது, இதைப் பெறுபவர் தம் டாக்டரிடம் காட்டவும்' என்று. அந்த இன்ன இடம்தான் முக்கியம். அது தெரிந்தால் சோதனைக்கூடத்தில் நேராக அங்கேயே போய்ப் பார்ப்பார்கள். தெரியாவிட்டால் முழுவதையும் தேடவேண்டும்.

மிஸ் லிம் நாலு பிரதி எடுத்து, நாலு உறையில் போட்டுக் கொடுத்தாள். "ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்" என்றாள்.

"ஒன்று போதும். அண்ணன் எல்லாருக்கும் சொல்லிவிடுவார்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. எங்கள் வீட்டில் சாவுச் செய்தியும் சடங்குச் செய்தியும் மூத்தவர் காதுக்குப் போய்த்தான் மற்றவர்களுக்கு வரும். அவரைத் தாண்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் அது குழப்பம் பண்ணுவது. அதிலும் இது அடிவயிறு, மார்பு என்று பேசவேண்டிய விஷயம். சாந்திக்குப் போன் செய்தால் அவள் மாமியார் பக்கத்தில் இருப்பாள், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். சாந்திக்கு என் கேன்சரே தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தேன். அண்ணன் ஒருவருக்குத்தான் உண்மை தெரியும், அவர்தான் யாருக்கும் சொல்லவேண்டாம் என்றார், நானும் சரி என்றேன். இப்படி ஒளித்துவைப்பதில் நானும் பங்காளிதான். அதை மறைத்துவிட்டு அண்ணனை மட்டும் திட்டினால் நியாயமில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதினேன். ஃபெரியும் பாலமும் போட்டு எழுதியதைப் பார்த்து, கடலே இல்லாத ஊருக்கு இது புரியுமா என்று அடித்துவிட்டு, கண்மாய்க் கரை, மதகு என்று மாற்றினேன். இரண்டையும் ஓர் உறையில் வைத்து, மேலே அண்ணன் பெயரைப் போட்டு 'அவர்கள் பார்வைக்கு' என்று எழுதினேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. 'அண்ணே, சாந்தியிடம் பக்குவமாகச் சொல்லிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.'

மீதி மூன்று உறையும் என் தையல் மெஷின் இழுப்பறையில் கிடந்தன.

பிறகு பேசும்போதெல்லாம் கேட்பேன். "லெட்டர் சாந்திகிட்டக் குடுத்தாச்சாண்ணே?"

"அதெல்லாம் ஆச்சும்மா. நீ ஒடம்பப் பாரு."

நானும் உடம்பைப் பார்த்தேன். மணியத்தின் பெரியம்மா ஒரு பை நிறைய முள்சீத்தா இலையைக் கொண்டுவந்து கொதிக்கவைத்துக் குடி என்றார். ஆய்வில் இருக்கும்போது அதெல்லாம் கூடாது என்று தேவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பெரியம்மாவுக்குக் கோபம். "ஆஸ்பத்திரிக்காரன் மாவு குடுத்தா முழுங்குவ, நான் எல குடுத்தா முழுங்க மாட்டியா?" என்றார். எல்லாருக்கும் என் உடம்பின்மேல் ஓர் உரிமை இருந்தது.

5

தை மாதம் ஒருநாள் கடையில் இருக்கும்போது சாந்தி கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம். எங்கள் கடை இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டில் பொங்கல் முடிந்தும் கூட்டம் குறையவில்லை, பாட்டுச் சத்தம் வேறு. பின்பக்கம் துணிக்கட்டுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு பேசினேன்.

"அக்கா, ஆறு மாசமா வயிறு உப்பிக்கிட்டே இருந்துச்சு. கேஸுன்னு மாத்திர போட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப ஸ்கேன் எடுத்துட்டு என்னமோ சொல்றாங்க. பரவிடுச்சுன்றாங்கக்கா."

துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டரு குடும்பத்துல யாருக்காச்சும் இது இருக்கான்னு கேட்டாரு. யாருக்கும் கெடையாதுன்னு சொன்னேன். சரிதானக்கா?"

"சாந்தி, நீ அந்த லெட்டரப் படிச்சியா இல்லையா?"

"எந்த லெட்டரு?"

அந்த ஒரு கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. எந்த லெட்டர். ஒன்பது மாதம். அவள் வயிறு உப்ப ஆரம்பிப்பதற்கும் முன்பே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட லெட்டர்.

அங்கேயே உட்கார்ந்தபடி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் கேன்சர், மரபணு, அத்தைகள். கடைசியில், "அப்ப முன்னாடியே எடுத்திருக்கலாமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அடுத்த போன் அண்ணனுக்கு. அவர் தடுமாறவே இல்லை.

"லெட்டரு பத்திரமா இருக்கும்மா. பீரோல, பவித்ரா ஜாதகத்தோட சேத்துத்தான் வச்சிருக்கேன்."

பத்திரமாக இருக்கிறதாம்.

"ஏண்ணே குடுக்கல? குடுத்தேன்னு சொன்னீங்களே!"

"நீ அங்க உக்காந்துக்கிட்டுச் சொல்லிடுவ. இங்க பவித்ராவுக்கு எடம் பாத்துக்கிட்டு இருக்கோம். இந்த வீட்டு ரத்தத்துல கேன்சர் இருக்குன்னு எழுதி வச்ச பேப்பரு வெளிய போச்சுன்னா எவன் பொண்ணெடுப்பான்? சாந்தி மாமியா வாய் உனக்குத் தெரியாதா? ஊரெல்லாம் தண்டோரா போட்ருவா."

"சாந்திக்கு முத்திப்போச்சுண்ணே."

"அது அவ விதி. அம்மா சக்கரையிலதான செத்தாங்க? அம்மா வழியில ஒண்ணும் இல்லையே. வெள்ளைக்காரன் பேப்பர வச்சுக்கிட்டு நீ பயமுறுத்தாத."

"அப்பா வழிண்ணே. லெட்டர்லயே எழுதியிருக்கேன். நீங்க படிச்சீங்களா?"

"மொத வரியப் பாத்தேன், போதாதா?" என்றார். படிக்கவே இல்லை என்று அப்போது தெரிந்தது. முதல் வரியில் புற்றுநோய் என்று பார்த்ததும் மடித்து வைத்திருக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கண்மாயும் மதகும் போட்டு எழுதினேனே, யாருக்காக?

"நீங்க ரத்தம் குடுத்துப் பாருங்க. பவித்ராவுக்காகவாவது."

"ஆம்பளைக்கு எதுக்கு இந்த டெஸ்ட்டெல்லாம்? சும்மா இரு கலா. கல்யாணம் முடியட்டும். அப்பறம் என்ன வேணா பண்ணிக்கிடலாம். அண்ணன் கெஞ்சிக் கேக்குறேன், பவித்ராகிட்ட மூச்சு விடாத."

இப்போது எழுதப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நான் சரி என்றேன். என் தங்கை படுத்த பிறகும், ஒருமுறை ஏமாந்த பிறகும், அண்ணன் கெஞ்சினார் என்பதற்காக வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி மூன்று மாதம் இருந்தேன். கல்யாணம் நின்றுவிட்டால் அந்தப் பழி என் தலையில் விழும் என்ற பயமும் இருந்தது. பவித்ரா வாட்ஸாப்பில் புடவைப் படம் அனுப்பி, "அத்தை, இது நல்லாருக்கா?" என்று கேட்பாள். நல்லாருக்கு என்று பதில் போடுவேன். அளவு ஜாக்கெட் அனுப்பச் சொல்லி, அவளுக்கு முகூர்த்த ஜாக்கெட்டும் நான்தான் தைத்துவைத்தேன்.

6

இந்த மூன்று மாதத்தில் யாழினி எனக்குச் சொல்லாமல் கோலாலம்பூரிலேயே ரத்தம் கொடுத்துவிட்டாள். முடிவு வந்த அன்று போன் செய்தாள்.

"மா, எனக்கு இருக்கு. ஷாக் ஆவாதீங்க. இன்னும் கொஞ்சம் வயசானதும் வருஷா வருஷம் ஸ்கேன் பாப்பாங்களாம். மத்தது அப்பறம் டிசைட் பண்ணிக்கலாம்னு சொன்னாங்க. ஓகேலா, அழாதீங்க."

நான் அழுதேன். அவள் மதியம் என்ன சாப்பிட்டாள் என்பது வரை சொல்லி என்னைச் சமாதானப்படுத்தினாள். பிறகு, "பவி எடுத்துட்டாளா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன். பவித்ராவுக்கு எல்லாம் தெரியும் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை பத்திரிகையில் சாந்தி பெயர் இல்லை என்று கண்டுபிடித்த பிறகு அவள் என்னை விடவில்லை. கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். மணியம் டீ கலக்கிக்கொண்டுவந்து வைத்தார், யாரும் குடிக்கவில்லை.

"பவிக்குத் தெரியவே தெரியாதா? நீங்க அவளுக்கு பிளவுஸ் தச்சுக்கிட்டு இருந்தீங்க, இதச் சொல்லல?"

"மாமா கல்யாணம் முடியட்டும்னு..."

"ஏம்மா எல்லாமே மாமா மூலமாப் போவணும்? அவரு என்ன போஸ்ட் ஆபீஸா?"

"அங்க அப்படித்தான். உனக்குப் புரியாது."

"ஆமா, எனக்குப் புரியாது. நல்லவேள." இப்படிச் சொல்லிவிட்டு எழுந்தாள். "என் ஒடம்புலயும் அது இருக்கு. சோ எனக்குச் சொல்ற ரைட் இருக்கு. லெட்டர் எங்க?"

நான் தையல் மெஷினைப் பார்த்தேன். வாயால் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான் என் தைரியம். அவள் இழுப்பறையைத் திறந்து ஓர் உறையைக் கிழித்தாள். ஆங்கிலக் கடிதத்தையும், என்னிடம் மிச்சமிருந்த தமிழ்க் கடிதத்தின் நகலையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் பவித்ராவுக்கு அனுப்பினாள். கூடவே இங்கிலீஷில் இரண்டு வரி. 'எனக்கு இருக்கிறது. நீயும் பார்த்துக்கொள். என்ன கேட்கவேண்டுமானாலும் என்னைக் கேள்.' மாமாவைத் தாண்டிப் போகிறோமே என்ற கூச்சம் அவளுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தமிழை விட்டு எங்கேயோ போகிறாள், நம் பழக்கம் எதுவும் ஒட்டவில்லை என்று இவளை எத்தனை நாள் திட்டியிருப்பேன். ஒட்டாததில் இந்தப் பழக்கமும் சேர்ந்திருந்தது என் வீட்டுக்கு நல்லதாகப் போயிற்று.

திங்கள்கிழமை பவித்ரா கூப்பிட்டாள். என்னைப் பார்த்துக் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை.

"அத்தை, தமிழ்ல எழுதுனது நீங்கதானா? கண்மா, மதகெல்லாம் போட்டு? எனக்கு நல்லாப் புரிஞ்சுது."

"மன்னிச்சுக்கம்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும் அத்தை." அதை அவள் சும்மா விடவில்லை, அது எனக்கு வேண்டியதுதான். "என்னக் கட்டிக்கப் போறவருகிட்ட நானே சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. யோசிக்கட்டும். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். அவரு ரத்தம் குடுத்தா ஒருவேள நான் குடுக்கவே வேண்டியிருக்காது, இல்லையா? குடுக்கலன்னா நான் குடுக்கறேன், எனக்கு என்ன. ஆனா அப்பா குடுக்காம மணவறையில வந்து உக்காந்தாருன்னா, நான் உக்கார மாட்டேன். பத்திரிகைலயும் சின்னத்தை பேரப் போட்டுத் திருப்பி அடிக்கணும். அதுவும் சொல்லிட்டேன்."

நான் போனை வைத்துவிட்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் ஜாக்கெட் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கல்யாணம் நடக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சாந்திக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. தை மாதமே நான் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிய அந்தக் கடிதம் இப்போது அவள் டாக்டரிடம் இருக்கிறது. சோதனையில் அவளுக்கும் அதே பழுது, அதே இடத்தில். கீமோ முடிந்ததும் நான் சாப்பிடும் அந்த மாத்திரையை அவளுக்கும் தரலாம் என்கிறார். நல்ல செய்தி என்று எழுதிவிட்டேன். ஆனால் வந்த பிறகு கொடுக்கும் மருந்து அது. வராமலே தடுக்க வழியிருந்தது, அது ஜாதகக் கட்டுக்குள் மடித்துக் கிடந்தது.

இன்று காலை எட்டு மணிக்கு அண்ணனிடமிருந்து போன். அங்கே ஐந்தரைதான் ஆகியிருக்கும். திங்கள்கிழமையிலிருந்து அவர் அழைப்புக்காக நான் ஒரு கத்தை வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன். குடும்பத்தைக் கெடுத்துவிட்டாய் என்பார், நான் இதைச் சொல்லவேண்டும், அதைச் சொல்லவேண்டும் என்று ஃபெரியில் வரும்போதும் போகும்போதும் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹலோ என்றேன். அவருக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டு சத்தம், திருச்சி திருச்சி என்று கண்டக்டர் கூவுவது கேட்டது.

"கலா, அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்தோட போகணுமா, சாப்பிட்டுட்டுப் போலாமா?"

சேர்த்துவைத்த ஒரு வார்த்தையும் வரவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது அப்படியேதான் இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது.

"சாப்பிட்டே போங்க" என்றேன். "ரத்தம் எடுக்குற அதே கட்டடத்துல மூணாவது மாடியிலதான் சாந்தி இருக்கா. அவ இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டா. அவளுக்கும் ரெண்டு இட்லி வாங்கிக்கிட்டுப் போங்க."